மதில் தாண்டிய கேபிள்

மேலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு கிரானைட் குவாரி ஞாபகம் வரும், கரும்பு வரும், மதுரை–திருச்சி நாற்கரச் சாலை வரும். கம்ப்யூட்டர் வலையமைப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த ஊரின் பெயர் உண்டு என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. 2001 கடைசியில் மேலூர் தாலுகாவில் ‘சாரி’ என்றொரு திட்டம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு, என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து கிராமத்துக்குக் கிராமம் இன்டர்நெட் மையம் திறந்தார்கள். தொலைபேசிக் கம்பியே போகாத ஊருக்கும் கார்டெக்ட் என்கிற கம்பியில்லா முறையில் இணைப்பு கொடுத்தார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு சென்னையில் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. வீட்டுக் கூரையில் ஆன்டெனா, சுவரில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். போன் பேசிக்கொண்டே நெட் பார்த்தால் 35 கிலோபிட் வேகம், போனை வைத்துவிட்டால் 70.

அந்த மையங்களுக்குப் பழுது பார்க்கும் எடுபிடியாகத்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். காற்றில் திரும்பிய ஆன்டெனாவை நேராக்குவது, விண்டோஸை மறுபடி போடுவது, மவுஸுக்குள் உருளும் பந்தில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டுவது என்று வேலைக்குப் பஞ்சமில்லை. தாலுகா ஆபீஸுக்குச் சான்றிதழ் மனு அனுப்புவதும், வெப் கேமராவில் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவதும் அங்கே நடந்தன. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வரும் பையன்களுக்கு ஒரே கேள்விதான்: “அண்ணே, கேம் இருக்கா?”

2005-க்குள் தனியார் நடத்திய மையங்களில் பெரும்பாலானவை மூடிவிட்டன. ஏன் மூடின என்பதை மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். என் பிழைப்பைப் பொறுத்தவரை நடந்தது வேறு. மையத்தில் கம்ப்யூட்டர் தொட்டுப் பழகிய பையன்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கேட்டு அடம்பிடித்தார்கள். குவாரியிலும் லாரியிலும் காசு புழங்கிய காலம் அது. மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்தும் செகண்ட் ஹேண்டிலுமாகக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஒரு தெருவில் நாலு வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: “ரெண்டையும் சேக்க முடியுமாண்ணே?”

முடியும். அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம். இதை நம்பவைப்பதுதான் என் தொழிலில் முதல் வேலையாக இருந்தது. நெட் இல்லாமல் இரண்டு பேர் எப்படி ஒரே ஆட்டம் ஆட முடியும் என்று அப்பாமார்கள் கேட்பார்கள். மாதா மாதம் பில் வருமோ என்ற பயம். ஒரு தடவை கேபிளுக்கும் கூலிக்கும் கொடுத்தால் போதும், பிறகு காலணா செலவில்லை என்றதும் முகம் தெளியும்.

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வீட்டுக்கு நடுவே மதில் எழும்பிவிடும். நான் இழுத்த கேபிள்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட மதில்களைத் தாண்டியவை. பெரியப்பா மகன் இந்தப் பக்கம், சித்தப்பா மகன் அந்தப் பக்கம். பெரியவர்கள் முகம் பார்த்துப் பேசாத வீடுகளிலும் கேபிள் காசை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள். “அவன் எவ்வளவு குடுத்தான்?” என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டே கம்ப்யூட்டர் என்றால் கிராஸ் கேபிள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஒரு முனையில் ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று அடுக்குவோம். மறுமுனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். இவன் பேசும் கம்பி அவன் கேட்கும் கம்பியில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. மூன்றாவது கம்ப்யூட்டர் வந்தால் நடுவே ஒரு ஸ்விட்ச் பெட்டி வேண்டும். அப்போது இரு முனையும் ஒரே வரிசைதான். பின்னாளில் வந்த போர்ட்டுகள் எந்தக் கேபிளையும் தாமே புரிந்துகொண்டன, கிராஸ் கேபிளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

கேபிள் முனையில் பிளாஸ்டிக் பிளக்கைக் கடித்துப் பொருத்தும் கிரிம்பிங்கில் கை பழக நாளாகும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. அந்த முறுக்குதான் வெளி இரைச்சலை அடக்குகிறது. எட்டுக் கம்பியின் நுனியும் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். மேல் உறையும் பிளாஸ்டிக் முனைக்குள் போய்க் கடிபட வேண்டும், இல்லையென்றால் பத்துத் தடவை இழுத்தால் கையோடு வந்துவிடும். நூறு மெகாபிட் வேகத்துக்கு நாலு கம்பி போதும் என்பது இந்தத் தொழிலில் பெரிய ஆறுதல். மாடிக்குப் போன கேபிளில் ஆரஞ்சோ பச்சையோ எங்கோ உள்ளே அறுந்துவிட்டால், சும்மா கிடக்கும் நீல ஜோடியையோ பழுப்பு ஜோடியையோ இரு முனையிலும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து கடித்துவிடலாம். புதுக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை.

கேபிள் போட்டாயிற்று, ஸ்விட்சில் பச்சை விளக்கும் சிமிட்டுகிறது. ஆனால் கேமைத் திறந்தால் ஒருவன் போட்ட ஆட்டம் இன்னொருவனுக்குத் தெரியவில்லை. இங்கேதான் ஆள் தேடி வருவார்கள். நான் கேமைத் தொடவே மாட்டேன். முதலில் முகவரி பார்ப்பேன். ஒன்றுக்கு 192.168.0.1 என்றால் அடுத்ததற்கு 192.168.0.2, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. முகவரி கொடுக்க ஆளில்லை என்றால் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். ஒரு மெஷினில் நாம் போட்ட முகவரி, மற்றதில் அதுவாகப் போட்டுக்கொண்டது என்றிருந்தால் இரண்டும் ஜென்மத்துக்கும் பேசாது. அடுத்தது கறுப்புத் திரையைத் திறந்து ஒரு பிங். ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் வந்தால் கேபிளும் முகவரியும் சரி, குறை வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் அநேகமாக ஃபயர்வால். 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 வந்தது. அதுமுதல் ஃபயர்வால் தானாகவே போடப்பட்டிருக்கும். கேம் முதல் தடவை நெட்வொர்க்கைத் தொடும்போது, அனுமதிக்கலாமா என்று ஒரு சின்ன ஜன்னல் கேட்கும். கேமோ திரையை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். கேள்வி அதன் பின்னால் ஒளிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை, ஆகவே அனுமதியும் இல்லை. கேமை ஆல்ட்-டேப் போட்டு இறக்கிப் பார்த்தால் அந்த ஜன்னல் பரிதாபமாகக் காத்திருக்கும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டே பல வீடுகளில் எனக்கு மந்திரவாதி என்று பெயர்.

அதுவும் சரியென்றால் பதிப்பு. கவுன்டர் ஸ்ட்ரைக் இவனிடம் 1.5, அவனிடம் 1.6 என்றிருந்தால் ஆட்டம் கூடாது. எல்லோருக்கும் ஒரே சிடியிலிருந்து போட்டுவிடுவது நல்லது. ஸ்டார்கிராஃப்ட் மாதிரி சில கேம்களில் கம்பெனியே அதற்கு வழி வைத்திருந்தது. ஒரு ஒரிஜினல் சிடியை வைத்துக்கொண்டு எட்டுப் பேர் வரை கூடி விளையாடலாம். விற்பவனுக்கும் நட்டமில்லை, விளையாடப் பழகியவன் நாளைக்குத் தனக்கென ஒன்று வாங்குவான் என்கிற கணக்கு.

எந்த மெஷினில் ஆட்டத்தைப் போடுவது என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு கம்ப்யூட்டர்தான் தீர்ப்புச் சொல்லும். குண்டு பட்டதா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகும். அதனால் இருப்பதில் நல்ல மெஷினை சர்வராக வைக்க வேண்டும். அதில் உட்கார்ந்து விளையாடுகிறவனுக்குக் கொஞ்சம் சலுகை கிடைக்கும், தாமதமே இல்லாததால். அதற்காக நடக்கும் சண்டையைத் தீர்க்க, யாரும் விளையாடாத ஐந்தாவது மெஷினைச் சர்வராக்கிய வீடுகளும் உண்டு.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் அடியோடு வேறு. அதைச் செய்தவர்கள் 28.8 கிலோபிட் மோடத்தை மனதில் வைத்துக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான வில்லாளிகளும் குதிரைகளும் நிற்கும் இடத்தையெல்லாம் கம்பி வழியே அனுப்பி மாளாது. ஆகவே ‘இந்த இருபது பேரும் அந்தக் கோட்டைக்குப் போங்கள்’ என்ற கட்டளையை மட்டும் அனுப்பிவிட்டு, போரை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்ளும்படி வைத்தார்கள். எல்லாக் கணக்கும் ஒன்றாக வந்தால்தான் அடுத்த அடி. அதனால் எட்டுப் பேர் ஆட்டத்தில் ஒரே ஒரு பழைய பென்டியம் இருந்தாலும் எட்டுப் பேருக்கும் ஆட்டம் நொண்டும். யாருடைய மெஷின் இழுக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. அந்த வீட்டுப் பையனிடம் சொல்வதுதான் கஷ்டம். “உன் கம்ப்யூட்டருக்கு ராம் பத்தலடா” என்று அவன் அப்பா காதில் விழும்படி சொல்லிவிட்டு வருவேன். மாதம் திரும்புவதற்குள் ராம் வந்துவிடும்.

இப்படிப் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பதற்குப் பெயர் லேன். நகரத்தில் லேன் என்றால் ஏசி அறைக்குள் நடக்கும் சங்கதி. எங்களுக்கு அது மொட்டை மாடி வேலை. வீட்டுக்குள் போடுகிற கேபிளை வெயிலில் போட்டால் மேல் உறை காய்ந்து, வெளுத்து, விரலால் தொட்டாலே உதிரும். அணில் கடிக்கும். அழகர்கோவில் பக்கத்து ஊர்களில் குரங்கு தொங்கும். அப்பத்தாமார்களுக்கு அது துணி காயப்போடும் கொடி. “ஏய்யா, இது கரண்டு அடிக்குமா?” என்று ஒரு அப்பத்தா கேட்டார். அடிக்காது என்று சொன்ன மறுநாள் ஈரக் கண்டாங்கிச் சேலை அதில் ஏறியது. நெட்வொர்க் படுத்துவிட்டது. பிறகு பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோனோம். மாடிக் கைப்பிடிச் சுவரோரமாகவே கிடக்கும், கண்ணில் படாது, கொடியாகவும் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலான எதிரி இடி. கேபிள் மேல் இடி விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் எங்கேயோ மின்னல் இறங்கினாலே, நீளமாகக் கிடக்கும் கம்பியில் மின்னழுத்தம் பாயும். சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் மறுநாள் காலை என் போன் ஓயாது. ஸ்விட்சில் இரண்டு போர்ட் கருகியிருக்கும், அல்லது மதர்போர்டிலுள்ள நெட்வொர்க் சிப் போயிருக்கும். சிப் போனால் மதர்போர்டை மாற்ற வேண்டாம். ரியல்டெக் 8139 சிப் வைத்த தனிக் கார்டு மலிவாகக் கிடைத்தது, அதைச் சொருகினால் தீர்ந்தது. வீடு விட்டு வீடு போகும் கேபிளுக்கு நான் வைத்த சட்டம் ஒன்றே: மேகம் கறுத்தால் இரண்டு முனையையும் பிடுங்கிப் போடு. பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

2008 முதல் மின்வெட்டு தொழிலையே ஆட்டியது. 2012-ல் சென்னைக்கு வெளியே அரை நாளுக்கு மேல் கரண்டு கிடையாது. பிக்சர் டியூப் மானிட்டரை வைத்துக்கொண்டு சின்ன யுபிஎஸ்ஸில் பத்து நிமிடம் ஓடினால் பெரிது. பையன்கள் மின்வெட்டு நேரத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கரண்டு வரும் நிமிடத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்விட்ச் பெட்டியைத் தனி யுபிஎஸ்ஸில் போடச் சொல்வேன். அதற்கு ஆகும் கரண்டு கொஞ்சமே, மணிக்கணக்கில் தாங்கும். கரண்டு ஒரு வீட்டில் மட்டும் போனாலும் மற்றவர்கள் ஆட்டம் அறுபடாது.

கேபிள், கரண்டு என்ற இந்த இரண்டு தொல்லையையும் ஒரே வீச்சில் தீர்த்தது அரசாங்கத்தின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லேப்டாப் கிடைத்தது. பேட்டரி இருந்ததால் கரண்டு வேண்டாம். வைஃபை இருந்ததால் கேபிள் வேண்டாம். விண்டோஸ் 7-ல் ஒரு லேப்டாப்பே மற்றவற்றுக்கு இணைப்புக் கொடுக்கும், ரவுட்டர்கூடத் தேவையில்லை. கிராமத்து மந்தையில், வேப்பமரத்தடியில், நாலு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். பாமர ஜனங்கள் அரசாங்க லேப்டாப்பில் பிள்ளை படிக்கிறான் என்று நினைத்துக் கடந்து போவார்கள். அவர்கள் நினைத்ததில் பாதி பொய்யில்லை. முகவரி என்றால் என்ன, போர்ட் என்றால் என்ன, ஏன் ஒருவனுக்கு மட்டும் தெரியவில்லை என்பதையெல்லாம் அந்தப் பையன்கள் பாடப்புத்தகத்துக்கு முன்பே மந்தையில் கற்றார்கள். எனக்குத்தான் வருமானம் குறைந்தது.

பிறகு செல்போன். மினி மிலிஷியா என்ற கேமை ஒருவன் ஹாட்ஸ்பாட்டில் பஸ்ஸுக்குள்ளேயே ஆடினார்கள், மேலூரில் ஏறி மதுரை மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள் சில ஆட்டம் முடியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நெட் மலிந்ததும் பப்ஜி பிடித்துக்கொண்டது. எதிராளி எங்கோ இருக்கிற முகம் தெரியாதவன். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு அதைத் தடை செய்தது. தடை சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கையில் போன் இருக்கிறது, போனில் கேம் இருக்கிறது, ஆனால் சர்வர் எவனிடமோ இருப்பதால் ஆட்டம் இல்லை என்ற நிலையை எங்கள் ஊர்ப் பையன்கள் அப்போதுதான் முதலில் பார்த்தார்கள். 2010-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-லேயே லேன் வசதியை எடுத்துவிட்டார்கள். ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினாலும் கம்பெனி சர்வருக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்திய முதல் ஸ்டார்கிராஃப்டை இன்றும் இரண்டு பழைய கம்ப்யூட்டரும் ஒரு கேபிளும் இருந்தால் ஆடலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

இன்றைக்கு மேலூரில் ஃபைபர் வந்துவிட்டது. வேகம் மெகாபிட்டில் நூறு, இருநூறு என்று போகிறது. ஆனாலும் கூப்பிடுகிறார்கள், அதே குறைக்குத்தான்: “ஒரே வீட்டுல இருக்கோம், அவன் மைன்கிராஃப்ட் எனக்குத் தெரிய மாட்டேங்குது.” போய்ப் பார்த்தால் கீழே நெட் கம்பெனி கொடுத்த பெட்டி, மாடியில் சிக்னலுக்காகத் தாங்களே வாங்கி வைத்த இன்னொரு ரவுட்டர். கீழிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் வேன் (WAN) துளையில் சொருகியிருப்பார்கள். அப்போது அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். கீழ்வீட்டுக்கு மாடி தெரியாது. கேபிளைப் பக்கத்திலுள்ள லேன் துளைக்கு மாற்றி, மாடி ரவுட்டர் முகவரி வழங்குவதை நிறுத்தி, அதன் சொந்த முகவரி கீழ்ப் பெட்டியோடு மோதாமல் மாற்றினால் இரண்டும் ஒரே வீடாகிவிடும். அப்படியும் தெரியவில்லை என்றால், விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்து வைத்திருக்கும்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற அண்ணன்களோடு ஆட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வீட்டில் சர்வர் வைத்து வெளியிலிருந்து வரவழைப்பது முன்பு ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்தால் முடிந்த காரியம். இப்போது பல கம்பெனிகள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அந்தக் கணக்கில்தான் இருக்கிறீர்கள். போர்ட் திறந்து பயனில்லை. டெய்ல்ஸ்கேல், ஜீரோடியர் மாதிரி ஒரு மென்பொருளை இரண்டு பக்கமும் போட்டால் துபாய்க் கம்ப்யூட்டரும் மேலூர்க் கம்ப்யூட்டரும் ஒரே வீட்டு நெட்வொர்க் போலப் பேசிக்கொள்ளும். மைன்கிராஃப்ட் உலகம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும்.

“இதெல்லாம் போட்டுக் குடுத்தா பய படிப்பானா?” என்று கேட்காத அம்மா இல்லை. என் பதில் ஸ்விட்ச் பெட்டியை எங்கே வைப்பது என்பதில் இருக்கும். பையன் அறையில் வைக்க மாட்டேன். ஹாலிலோ அடுப்படிக்குப் பக்கத்திலோ, அம்மா கைக்கு எட்டுமிடத்தில் வைப்பேன். அடாப்டரைப் பிடுங்கினால் தெரு முழுக்க ஆட்டம் முடிந்தது. வெளிநாட்டு சர்வரில் ஓடும் ஆட்டத்தை எந்த அம்மாவாலும் அப்படி நிறுத்த முடியாது. நிறுத்தியவர் யார் என்று பையன்களுக்கும் தெரியும், நாளைக்குத் திரும்பப் போடச் சொல்லி யாரிடம் கெஞ்ச வேண்டும் என்றும் தெரியும். ஆடுகிறவர்களும் அடக்குகிறவர்களும் ஒரே கேபிளில் இருப்பதுதான் வீட்டு நெட்வொர்க்கின் பெரிய லாபம் என்பது இத்தனை வருடத் தொழிலில் நான் கண்டது.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்கிரீட் போடுவதற்கும் பூச்சு வேலைக்கும் முன்பே, கரண்டு பைப்போடு சேர்க்காமல் தனியாக ஓரங்குல பைப் ஒன்றை ஒவ்வொரு அறைக்கும், ஒன்றை மொட்டை மாடிக்கும் ஓடவிடச் சொல்லுங்கள். அறைக்கு இரண்டு கேட்-6 கேபிள் உள்ளே கிடக்கட்டும், முனைகள் எல்லாம் ஹாலில் ஓரிடத்தில் வந்து சேரட்டும். வைஃபை எத்தனை வேகமானாலும் கான்கிரீட் தளத்துக்கு மேல் தடுமாறும், கேபிள் தடுமாறாது. கட்டும்போது இதற்கு ஆகும் செலவு, கட்டி முடித்தபின் சுவரை உடைக்க நான் வாங்கும் கூலியைவிடக் குறைவு.